புத்தகத்தை மூடிவிட்டு எழுதியது

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் இருமலோடும் இருப்பதாக. போன வாரப் பாடக் காணொளியில் பாதி நேரம் இருமினாய், மீதி நேரம் இருமினதற்கு மன்னிப்புக் கேட்டாய். ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் இறையியல் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குள் வாக்குவாதம் வந்துவிடுகிறது. எழுதினால், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கிற புத்தியாவது வரும். எனக்கு வருகிறதோ இல்லையோ, உனக்கு வரும்.

நம் பொடிசு உங்கள் கல்லூரியின் இணைய ஆயத்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பதினேழு வயதாகி என் தலைக்கு மேல் வளர்ந்தவளைப் பொடிசு என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்துவோமோ தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே படித்தவள், நேராக இறையியல் கல்லூரிக்குப் போகிறாள். இந்த வகுப்பில் தேறினால் ஜூனில் முழுப் படிப்பில் இடம். உன் பாடமும் அதில் ஒன்று. தாய்மாமன் என்று தனிச் சலுகை எதுவும் காட்டிவிடாதே. கட்டுரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றார்கள். அதுவும் நல்லதுதான்.

அவள் படிக்கிற விதம் உனக்குத் தெரியுமே. காலை ஜெபம் முடிந்ததும் நான் ஒரு அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பேன், ஒரே ஒரு தடவை. பிறகு புத்தகத்தை மூடிவிடுவேன். கேட்டதை அவள் திருப்பிச் சொல்லவேண்டும். ஐந்து வயதில் நாலு வரி சொன்னாள். இப்போது ஒரு சொல் சிந்தாமல் முழு அத்தியாயத்தையும் சொல்கிறாள். உன் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் சாவியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஏப்ரலில் எங்கள் தாய்மார் குழுவின் இணைய மாநாடு. வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற குடும்பங்கள் எல்லாம் கூடும். இந்த வருடம் நான்தான் பேசுகிறேன், பொடிசு என் பக்கத்தில் உட்காருவாள். எங்கள் குழுவிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் பிள்ளை என்பதால் எல்லாருக்கும் அவள்மேல்தான் கண்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தில் கடிதமாக இருக்கிற அந்த நிருபத்தை எழுதினவர் யார் என்று நமக்குத் தெரியாது என்று உன் இணையப் பக்கத்தில் கட்டுரை போட்டாய் அல்லவா, அதற்கு நான் இங்கே பதில் சொல்லி மாளவில்லை. "உங்க தம்பி விசுவாசத்திலதான் இருக்காரா?" என்று ஒரு சகோதரி கேட்டாள். "என்னைவிட உறுதியா இருக்கான். அதான் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றான்" என்றேன். உனக்காக இன்னும் எத்தனை பேரிடம் வாய் வலிக்கப் பேசுவேனோ. கொஞ்சம் பார்த்து எழுது.

ஜெபத்தில் உன்னை மறக்காத
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சமாதானம் கிடைத்தது. இருமல்தான் அதற்குக் கீழ்ப்படிய மறுக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன்.

நான் பாடம் நடத்துகிற அறையை நீ பார்த்ததில்லையே. எனக்குப் பின்னால் புத்தக அலமாரி, கேமராவுக்குப் பின்னால் காயப்போட்ட துணி. மாணவர்கள் அலமாரியைப் பார்த்து மதிக்கிறார்கள், நான் துணியைப் பார்த்துப் பேசுகிறேன். இணையக் கல்லூரியின் மகிமை இதுதான்.

பொடிசு ஒரு அத்தியாயத்தையே திருப்பிச் சொல்கிறாள் என்றால் கெட்டிக்காரிதான். ஆனால் சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்றும் ஒரு பேச்சு இருக்கிறதே. கோபித்துக்கொள்ளாதே, வம்புக்குச் சொன்னேன்.

முதல் கட்டுரைகளைத் திருத்தி முடித்தேன். போருக்குப் போகும்போது, ஜெயித்துத் திரும்பினால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று அவசரப்பட்டுக் கடவுளிடம் பொருத்தனை பண்ணிவிட்டு, திரும்பி வந்து பெற்ற மகளையே பலி கொடுக்க நேர்ந்த அந்தத் தகப்பனைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். ஒருவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? நான் படிக்கச் சொல்லியிருந்த விளக்கவுரையை அப்படியே பக்கம் பக்கமாக இறக்கிவைத்திருக்கிறார். மேற்கோள் குறி இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை. திருடினவன் கொஞ்சம் மாற்றியாவது எழுதுவான், இவருக்கு அந்தக் கூச்சம்கூட இல்லை. அன்றைக்கே ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மனது ஆறாமல் என் பக்கத்திலும் எழுதிவிட்டேன், எண்ணையோ பெயரையோ சொல்லாமல்தான். "களவு செய்யாதே என்று பிரசங்கிக்கப் படிக்க வந்தவர், களவிலேயே படிப்பைத் தொடங்கினார்" என்று. அது எங்கெங்கோ போய்விட்டது. நிருபக் கட்டுரைக்காக என்மேல் கல் எறிந்தவர்கள்கூட ஆமென் போட்டிருக்கிறார்கள். உன் குழுவிலும் நீ பகிர்ந்ததைப் பார்த்தேன். "வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் புத்தி வராது" என்று மேலே ஒரு வரி வேறு. எனக்கு ஆதரவாக நீ பேசி எவ்வளவு நாளாயிற்று. சந்தோஷமாக இருந்தது.

அத்தானுக்கும் பொடிசுக்கும் என் அன்பு.

உன் தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

வாழ்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்று கல்லூரியின் ஒழுங்குக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மேலே எண், அதற்குக் கீழே என் மகளின் பெயர். நீ ஊரறியக் கள்ளர் என்று எழுதினது நம் பொடிசைத்தான்.

அந்தப் பதிவை நான் காலைச் சாப்பாட்டின்போது அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். "பாத்தியா, மார்க்குக்காகப் படிக்கிற பிள்ளைங்க கதி இதுதான்" என்று வேறு சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசியில்லை என்று எழுந்து போனாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இன்றைக்கு மின்னஞ்சலைக் காட்டிக் கேட்டேன்.

"பாத்து எழுதினியா?"

"இல்லம்மா. புத்தகத்தை மூடி வச்சிட்டுத்தான் எழுதினேன்."

"அப்புறம் எப்படி அப்படியே வந்துச்சு?"

"எப்பவும் அப்படியேதானே வரும். நீங்க அப்படித்தானே கேப்பீங்க?"

ஜனவரியில் அந்த விளக்கவுரையை மேசையில் வாசித்துக் காட்டினவளே நான்தான். அவள் திருப்பிச் சொன்னாள், நான் "ஒரு சொல் சிந்தல" என்று தட்டிக்கொடுத்தேன். புத்தகத்தை மூடிவிட்டு எழுதினால் அது நேர்மை என்றுதான் அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சூது தெரியாது. திருடுகிறவள் இப்படி ஆசிரியர் கையில் இருக்கிற புத்தகத்திலிருந்தா திருடுவாள்? இதை யோசிக்க உனக்கு இவ்வளவு படிப்புப் போதவில்லையா?

இரண்டு காரியம் செய். புகாரைத் திரும்பப் பெறு. உன் பக்கத்திலிருக்கிற அந்தப் பதிவை எடு. இரண்டும் இன்றைக்கே நடக்கவேண்டும்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அவள் கையெழுத்து என்றால் கண்டுபிடித்திருப்பேன். தட்டச்சு செய்த பக்கத்தில் நான் எப்படி அவளைப் பார்ப்பேன்? ஆனாலும் கள்ளர் என்று எழுதினது நான்தான்.

இருந்தாலும் புகாரைத் திரும்பப் பெற என்னால் முடியாது. எண் இன்னாருடையது என்று தெரிந்த பிறகு திரும்பப் பெற்றால், மருமகளுக்காகத் தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டான் என்று ஆகும். அதில் அவளுக்குத்தான் கெட்ட பெயர். அவள் என் உறவு என்று கல்லூரி முதல்வரிடம் சொல்லி, விசாரணையிலிருந்து விலகிக்கொண்டேன். இனி அது ஒழுங்குக் குழுவின் கையில் இருக்கிறது.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழுவுக்கு எழுது. வீட்டில் நீ எப்படிக் கற்பித்தாய் என்று இருக்கிறபடி சொல். இத்தனை வருடம் கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழக்கினேன், அது யாருடைய வார்த்தை என்று சொல்லப் பழக்கவில்லை என்று எழுது. அவள் மனதில் களவு இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். நீ சொன்னால் நம்புவார்கள்.

பதிவைப் பற்றிக் கேட்டாய். இப்போது எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். நிருபக் கட்டுரைக்குப் பிறகு கல்லூரியில் என் நிலைமை நூலிழையில் இருக்கிறது. கொஞ்ச நாள் பொறுத்து, சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறது உன் நியாயம். உன் பதிவை எடுக்க உனக்கு மானம் தடுக்கிறது. நான் மட்டும் மாநாடு நெருங்குகிற சமயத்தில் என் வாயாலேயே என் கற்பித்தல் தப்பு என்று எழுதிக்கொடுக்கவேண்டும். ஊருக்குத்தானடி உபதேசம் என்பதை நீ கல்லூரி வைத்தே நடத்துகிறாய்.

யாருடைய வார்த்தை என்று கேட்டுப் பழக்கவில்லையாம். புத்தகம் மேசைமேல் கண்ணெதிரே கிடக்கும்போது யார் சொன்னது என்று எதற்குக் கேட்கவேண்டும்? எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அடிக்குறிப்புப் போட்டுப் பேசுவதில்லை.

அவள் இப்போது மேசைக்கு வருவதில்லை. காலையில் நான் வாசிக்கிறேன், நாற்காலி காலியாக இருக்கிறது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு அறைக்கு எடுத்துப்போகிறாள். "கொஞ்ச நாள் அவளை விடு" என்கிறார் உன் அத்தான். அவருக்கென்ன, கடைக்குப் போய்விடுகிறார்.

நான் முடிவு செய்துவிட்டேன். அவளை உங்கள் வகுப்பிலிருந்து விலக்கப்போகிறேன். ஏன் என்று தாய்மார்கள் கேட்பார்கள். நிருபத்தைப் பற்றி உங்கள் கல்லூரியில் இப்படியெல்லாம் கற்பிப்பதால், மனசாட்சியின் நிமித்தம் அவளே விலகிவிட்டாள் என்று சொல்லப்போகிறேன். அதனால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு என்ன ஆகும் என்று நீ யோசித்தாயா?

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

உன் அறிவிப்பு வந்த மறுநாளிலிருந்தே கல்லூரிக்குக் கடிதங்கள் குவிந்தன. எல்லாம் உன் குழுவின் குடும்பங்கள். பாதிப் பேர் என் கட்டுரையைப் படிக்கவே இல்லை, உன் அறிவிப்பைத்தான் படித்திருக்கிறார்கள். அடுத்த பருவத்திலிருந்து என் வகுப்பு கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் வராவிட்டால் அவர் யாருக்குக் கல்லூரி நடத்துவார்?

நீ எழுதினது பொய் என்று காட்ட எனக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதினால், நான் கள்ளர் என்று எழுதினது யாரை என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இது உனக்காக இல்லை, அவளுக்காக.

என் பதிவை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், களவு என்று நான் சொன்னது தவறு, அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பகிரவில்லை. நீ கேட்ட அன்றைக்கே செய்திருக்கவேண்டும். கோழையாக இருந்துவிட்டேன்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. முதல்வர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். நீ விலக்கிவிட்டதாக எழுதின அதே வாரத்தில் பொடிசு ஒழுங்குக் குழுவின் முன் வந்தாள். அத்தான் கடையில், கண் பரிசோதிக்கிற சின்ன அறையிலிருந்து பேசினாளாம். அவளுக்குப் பின்னால் அந்த எழுத்து அட்டவணை தொங்கியதாம். "நான் விலகல. எங்க அம்மா எழுதினது என் முடிவு இல்ல" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். அந்த அத்தியாயத்தை அங்கேயே தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவர்கள் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்களாம், பாதியில் போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். களவு இல்லை என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பிறகு முதல்வர், "சரிம்மா, அந்தக் கதையில பலியாகிற பொண்ணைப் பத்தி நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார். இணைப்புத்தான் அறுந்துவிட்டதோ என்று இவர்கள் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் சொன்னாளாம்: "தெரியல சார். இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அதைக் கேட்டதில்ல."

உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை அக்கா. நானும் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் "எங்க, ஒரு அத்தியாயம் சொல்லு பாப்போம்" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

கட்டுரையைப் புதிதாக எழுதித் தர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வேறொரு ஆசிரியர் திருத்துவார். இடம் போகவில்லை.

இனி நான் எழுதமாட்டேன். நீ எழுதினால் படிப்பேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நேராகக் கடைக்குப் போனேன். உன் அத்தான் யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகிறவரை நின்றேன். எனக்குத் தெரியாமல் எப்படிச் செய்யலாம் என்று சண்டை போட்டேன். "என் மக இடம் கேட்டா. கதவைத் திறந்துவிட்டேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றார். அடுத்த சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால், பொடிசு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாள் கழித்து. அவளுக்கு முன்னால் நான் தாய்மார் குழுவில் போட்ட அறிவிப்பு இருந்தது. "மனசாட்சியின் நிமித்தம் என் மகளே விலகினாள்" என்கிற இடத்தில் விரலை வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அம்மா, நான் அடுத்தவங்க எழுதினதை என்னுதுன்னு கொடுத்துட்டேன். அது தப்புன்னு இப்பத் தெரியும். நீங்க எழுதினதை நான் சொன்னேன்னு போட்டிருக்கீங்களே, இது என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பிள்ளைக்கே அதைப் பரிமாறியிருக்கிறேன்.

மாநாட்டில் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் நானே விளக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். பழக்கதோஷம். "என்னைப் பத்தினதை நான் சொல்லிக்கிறேன். நீங்க உங்களைப் பத்தினதைச் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே நடந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். திரை முழுக்கக் குடும்பங்கள், கையில் பேனாவோடு குறிப்பெடுக்கக் காத்திருக்கிற தாய்மார்கள். அவள் தன் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள், சுருக்கமாக. பிறகு நான் சொன்னேன். என் மகள் விலகவில்லை, நான் விலக்கப் பார்த்தேன். காரணம் என் தம்பியின் கட்டுரை இல்லை, என் மானம். அவன்மேல் நான் சொன்னது பொய். பிள்ளையை இத்தனை வருடம் கேட்டதைச் சொல்லப் பழக்கினேன், நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது இருமல் வந்து, நடுவில் வெந்நீர் எடுத்துக் குடித்தேன். உன் இருமலைக் கேலி செய்ததற்குச் சரியாகப் போயிற்று.

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. உன் விசுவாசத்தைக் கேள்வி கேட்டாளே, அந்தச் சகோதரி கடைசிவரை இருந்தாள். குழுவை இனி வேறொருவர் நடத்துவார்.

முதல்வருக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த பருவத்துக்கு வேறு ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டோம், பிறகு பார்க்கலாம் என்று பதில் போட்டிருக்கிறார். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் வகுப்பை நான் பறித்தேன். திருப்பிக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் வெந்நீர் குடி.

பொடிசு கட்டுரையைப் புதிதாக எழுதி அனுப்பிவிட்டாள். எனக்குப் படிக்கக் கொடுத்தாள். பழையதைப்போல நீளம் இல்லை, சில இடத்தில் தட்டுத்தடுமாறுகிறது. முதல் வரியை மட்டும் உனக்கு எழுதுகிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், இது அவளுடைய வார்த்தை: "அப்பா கடவுளிடம் வாக்குக் கொடுத்தபோது அந்தப் பெண் வீட்டுக்குள்தான் இருந்தாள், அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்."

மாநாடு முடிந்து கணினியை அணைத்த பிறகு இரண்டு பேரும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. "இப்ப என்ன செய்யலாம்னு நீ நினைக்கிற?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். எனக்குத்தான் அந்த மௌனம் தாங்கவில்லை, வழக்கமாக நானே பதிலையும் சொல்லிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"மொதல்ல மாமாவுக்கு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அக்கா